அடியில் நின்ற கறுப்பு மணல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. ஞாபகமும் முன்போல இல்லை. முன்னே நடந்தது பின்னே வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். அதனால்தான் சொல்லாமல் எழுதுகிறேன்.

சுனாமி வந்து இரண்டு மாதம் இருக்கும். மாசி மாதம். விருதுநகரிலிருந்து மல்லாங்கிணறு போகும் பாதையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி வண்டி விடிகாலையில் எங்கள் ஊருக்கே வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். நானும் அதில் இருபத்தெட்டு வருஷம் போய்வந்தவள். பட்டாசுக்குள் போகிற பொடியை மருந்து என்போம். அந்த மருந்துக்கு வேண்டிய சரக்கைச் சலித்துக் கொடுப்பது என் வேலை. முழங்கால் பிடித்துக்கொண்ட பிறகு நின்றுவிட்டேன்.

என் மகன் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டதால் வீட்டின் பின்கட்டு சும்மா கிடந்தது. காலேஜில் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சரம்மா, எங்கள் ஊரில் கரடு என்கிற சின்ன மொட்டை மலையில் கல் எடுத்துப் பார்க்க வேண்டும், ஒரு மாதம் தங்க இடம் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டிருக்கிறார். அவர்கள் என் வீட்டைக் கைகாட்டிவிட்டார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். காலில் ஆண்பிள்ளை போடுகிற பூட்ஸ், தோளில் சாக்குப் பை, கையில் சுத்தியல். முதல் நாளே ஒரு மூட்டை கல்லை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்.

அடுத்த வீட்டு மதினிக்கு வாய் சும்மா இருக்காது. சொந்தமில்லை, பழக்கத்தில்தான் மதினி. நானும் அவளும் ஒரே கம்பெனியில் ஒரே கொட்டகையில் வேலை பார்த்தவர்கள். தீப்பட்டதில் அவளுடைய வலது கையில் இரண்டு விரல் மடங்காது. அந்தக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"டீச்சரம்மா, ஊருல எம்புட்டோ நல்ல கல்லு கெடக்கு. இந்த மொட்டைக் கரட்டுல என்னத்தத் தேடுறீக?"

"சிர்க்கான்னு ஒரு மணி இருக்குங்க. அதைத்தான் தேடுறேன்."

"ஆத்தீ! தோட்டுல பதிக்கிற சிர்க்கானா? ஏ மதினி, கேட்டீகளா? ஒங்க வீட்டுக்குள்ளயே நகைக்கடை வந்துருச்சு. எனக்கு ரெண்டு கல்லு ஒதுக்கிவச்சிருங்க."

டீச்சரம்மா சிரித்துவிட்டு, "கடையில விக்கிறது பாதிக்கு மேல செஞ்ச கல்லுங்க. இது நிஜம். ஆனா தோட்டுல வச்சா தெரியாது. உப்புத்தூளை விடச் சின்னது" என்றார்.

அவர் கல்லை இரும்பு உரலில் இடிப்பார். இடித்ததைச் சலிப்பார். இரண்டாம் நாளே அந்த இரண்டு வேலையையும் நான் வாங்கிக்கொண்டேன். கை சும்மா இருந்தால் எனக்கு என்னவோ போல இருக்கும். இடிக்கும்போதே அவர் பேசிக்கொண்டிருப்பார். எனக்கு எதிர்க்கேள்வி கேட்கப் பயம், ஆனால் கேட்கக் கேட்க ஆசை. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன்.

பூமிக்குள்ளே உருகிக் கிடக்கிற குழம்பு ஆறிக் கல்லாகும்போது இந்த மணி பிறக்குமாம். பிறக்கும்போதே யுரேனியம் என்கிற ஒன்றில் துளியூண்டு உள்ளே வாங்கி மூடிக்கொள்ளும். ஈயத்தை உள்ளே விடாது. ஆனால் அந்த யுரேனியம் மூடின மணிக்குள்ளேயே மெள்ள மெள்ள ஈயமாக மாறிக்கொண்டிருக்கும். வேகம் கூடாது, குறையாது. ஆகவே மணிக்குள் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று பார்த்தால் அது எப்போது பிறந்தது என்று சொல்லிவிடலாம்.

எனக்கு உடனே கம்பெனித் திரி ஞாபகம் வந்தது. கூச்சத்தை விட்டுக் கேட்டுவிட்டேன்.

"திரி மாதிரியா? ஒரு அடித் திரி எம்புட்டு நேரம் எரியும்னு தெரிஞ்சா, மிச்சத்தப் பாத்து எப்பப் பத்த வச்சதுன்னு சொல்லிரலாம்ல?"

அவர் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதேதாம்மா. ஆனா இந்தத் திரி பாதி எரியவே நானூத்தி அம்பது கோடி வருஷம் ஆகும்."

நானூற்றைம்பது கோடி. எனக்குக் கோடியில் எத்தனை சைபர் என்பதே சந்தேகம். அன்றைக்குச் சோறு வடிக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்து கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டேன்.

இன்னொன்றும் சொன்னார். மலை தேயும், மழை கரைக்கும். இந்த மணி மட்டும் கரையாது. ஆற்றோடு உருண்டு போய்க் கடல் ஓரத்தில் மணலோடு மணலாகப் படியும். அந்த மணல் இறுகித்தான் எங்கள் கரடு. அப்படியென்றால் எங்கள் ஊர் ஒரு காலத்தில் கடலோ ஏரியோவாகப் பள்ளமாகக் கிடந்த இடம். ஆலங்குளம் பக்கம் சிமெண்டுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லும் அப்படிப்பட்ட ஒரு பழைய கடல் சரக்காக இருக்கலாம் என்றார். குடிக்கத் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு முறை குழாயில் வருகிற ஊர் எங்கள் ஊர். இங்கே கடல் என்றதும் மதினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அந்தக் கடல்ல ரெண்டு கொடம் மிச்சம் வச்சுட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்றாள்.

மணியின் வயதை வைத்து என்ன தெரியும் என்று நான் கேட்டதற்கு, டீச்சரம்மா எங்கள் கம்பெனி வண்டியை வைத்தே சொன்னார். வண்டிக்குள் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் அது எந்தெந்த ஊர் வழியாக வந்தது என்று தெரியும் அல்லவா? அதுபோல மணிகளின் வயதைப் பார்த்தால் எந்தெந்தப் பழைய மலையிலிருந்து மணல் வந்தது என்று தெரியும். கடைசியாக ஏறினவள் ஏறுவதற்கு முன்னால் வண்டி புறப்பட்டிருக்க முடியாது. அதுபோல, இருக்கிற மணிகளிலேயே வயது குறைந்தது எதுவோ, அது பிறப்பதற்கு முன்னால் அந்த மணல் படிந்திருக்க முடியாது.

"அதனாலதாம்மா ஒரே ஒரு வேத்து மணி உள்ள வந்தாலும் எல்லாக் கணக்கும் தப்பாயிரும்" என்றார். இந்த வார்த்தை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

சலித்த மணலைத் தண்ணீரில் அலசுவதை மட்டும் அவர் தானே செய்வார். குளிக்கிற மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு தட்டையான இரும்புச் சட்டியில் வெகுநேரம் ஆட்டிக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் போய் நின்றதில்லை. அலசி முடித்த பிறகு சுவரோரம் சாக்கில் வெள்ளை மணல் குவிந்து காயும். அதுதான் அவருக்கு வேண்டியது, அதிலிருந்துதான் மணியைப் பொறுக்குவார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒருநாள் அவர் மதுரைக்குப் போனார். மறுநாள்தான் வருவார். போகும்போது, "குவாரியில எடுத்து நீங்க சலிச்சு வச்ச அந்தப் பெரிய சாம்பிளை நான் வந்து அலசிக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அன்றைக்குப் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்தது. விட்டால் இன்னும் நாலு நாள். அவர் வந்து தண்ணீருக்குத் திண்டாடுவாரே என்று நானே அலச உட்கார்ந்தேன்.

எனக்கு என்ன தெரியும்? அரிசி அரிக்கத் தெரியும். ரேஷன் அரிசியை எப்படி அரிப்போம்? சட்டியைச் சுழற்றி ஆட்டி, மேலே மிதந்து வருகிற அரிசியைத் தண்ணீரோடு அடுத்த சட்டிக்குத் தள்ளிக்கொண்டே வருவோம். கல் கனமானது, அடியிலேயே நின்றுவிடும். கடைசி ஒரு கை தண்ணீரோடு அதைத் தூக்கிக் கொட்டிவிடுவோம். அப்படியே அரித்தேன். வெள்ளை மணல் சீனி போலப் பளபளவென்று வந்தது. அடியில் கறுப்பாக ஒரு கசடு நின்றது. கல் போகிற மாதிரி அதையும் போகட்டும் என்று கறிவேப்பிலைச் செடியின் மூட்டில் ஊற்றிவிட்டேன். தண்ணீரும் வீணாகவில்லை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

காய்ந்ததைக் கட்டி வைக்கக் காகிதம் தேடி அவருடைய பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். முன்னே அலசின கல்லின் பொட்டலங்கள் நம்பர் போட்டு அடுக்கியிருந்தன. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளை மணல் இல்லை. ஒரு சிட்டிகை கறுப்பு மணல் இருந்தது. அடுத்ததைப் பிரித்தேன். அதிலும் கறுப்பு.

அவ்வளவு மூட்டைக் கல்லுக்கும் அவர் எடுத்து வைத்தது அந்த ஒரு சிட்டிகைதான். அடியில் நிற்பதுதான் அவருக்கு வேண்டியது. நான் கொட்டினதும் அதைத்தான்.

கறிவேப்பிலை மூட்டில் போய் உட்கார்ந்து, ஈரம் கண்ட இடத்து மண்ணையெல்லாம் கரண்டியால் வழித்து அள்ளினேன். அதை இப்போது சரியாக அலசினேன். அடியில் கறுப்பு மணல் நின்றது. ஒரு சிட்டிகைக்கு மேலேயே நின்றது. காயவைத்து, காகிதத்தில் மடித்து, மூட்டையில் இருந்த நம்பரைப் பார்த்து எழுதி டப்பாவில் வைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. மதினி கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் டீச்சரம்மா வந்தார். பொட்டலத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனது.

"நீங்களே அலசிட்டீங்களாம்மா? அடேயப்பா, இவ்வளவு வந்திருக்கே!" என்றவர், பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "வர்ற வழியில குவாரியைப் பார்த்தேன். இந்தச் சாம்பிள் எடுத்த அடுக்கையே வெடி வச்சு எடுத்துட்டாங்க. மணல் படிஞ்ச வரி தெரிஞ்சது அங்க மட்டும்தான். மத்த இடமெல்லாம் வெந்து மாறிப்போச்சு. நல்லவேளை, நம்மகிட்ட இது இருக்கு."

நான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். எனக்கு ஊற்றியது ஆறிக்கொண்டிருந்தது. டப்பாவில் இருப்பது அவருடைய மணல் இல்லை. எங்கள் வீட்டு முற்றத்து மணலும் கலந்தது. அது வீடு பூசும்போது இறக்கிய ஆற்று மணல். எத்தனை மலையை, எத்தனை ஊரைக் கரைத்துக்கொண்டு வந்ததோ? வண்டியில் வேற்றாள் ஏறிவிட்டாள். ஏற்றிவிட்டவள் நான். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. அவர் கணக்குப் போட்டுக் கடலுக்கு ஒரு வயதும் மலைக்கு ஒரு வயதும் எழுதிவிடுவார். பொய்யான வயது.

நான் பேசாமல் இருந்த இன்னொரு நாள் எனக்கு ஞாபகம் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம். எங்கள் கொட்டகையில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சல்லடை உண்டு. கந்தகம் சலிக்கிற சல்லடை வேறு, வெள்ளை உப்பு சலிக்கிற சல்லடை வேறு. அது சமையல் உப்பு இல்லை, வெடிக்குப் போடுகிற உப்பு. அதுவும் கந்தகமும் சேர்ந்து உரசினால் போதும், பற்றிக்கொள்ளும். ஒருநாள் காலையில் எங்களுக்கு மூத்த ஒருத்தி அவசரத்தில் உப்புச் சல்லடையில் கந்தகத்தைச் சலித்துவிட்டு, தட்டிவிட்டு, பழைய ஆணியிலேயே மாட்டினாள். நான் பார்த்தேன். அவள் மூத்தவள், நான் புதுசு, போர்மேன் வேறு அங்கே நின்றுகொண்டிருந்தார். வாய் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மதினி வந்து அந்தச் சல்லடையை எடுத்து உப்பைப் போட்டுச் சலித்தாள்.

அதில் தீப்பிடித்துப் போனவைதான் அவளுடைய இரண்டு விரல்கள். வேகமாகச் சலித்ததுதான் காரணம் என்று போர்மேன் சொன்னார். எல்லாரும் அதையே சொன்னார்கள். மூத்தவள் அடுத்த மாதமே வேலையை விட்டுப் போய்விட்டாள். நான் முப்பது வருஷமாக வாய் திறக்கவில்லை.

"டீச்சரம்மா" என்றேன்.

"என்னம்மா?"

"அந்தப் பொட்டலம் வேண்டாம்."

"ஏன்?"

"அது கீழ கொட்டி அள்ளுனது. கறிவேப்பிலை மூட்டுல. அரிசி அரிக்கிற மாதிரி அரிச்சுட்டேன்."

அவர் டீ கிளாஸை அப்படியே கீழே வைத்தார். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

எழுந்து போய்க் கறிவேப்பிலை மூட்டில் உட்கார்ந்து, கழுத்தில் தொங்கும் சின்னப் பூதக்கண்ணாடியால் மண்ணைப் பார்த்தார். "இது எங்க எடுத்த மணல்?" என்று கேட்டார். சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் வந்து அலசிக்கிறேன்னு சொல்லிட்டுத்தானேம்மா போனேன்" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் மதினி தலையை நீட்டினாள். "என்ன மதினி, கல்லத் தொலைச்சுட்டீகளா? அப்ப எனக்குத் தோடு இல்லையா?" ஒருத்தரும் சிரிக்கவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

டீச்சரம்மா திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா" என்றார்.

"அதாம்மா. தெரியாமலே போயிருக்கும்ல? அதுக்குத்தான் சொன்னேன்."

அவர் எழுந்து அந்தப் பொட்டலத்தின் மேல் பேனாவால் 'கலந்தது' என்று எழுதித் தனியாக வைத்தார். தூர எறியவில்லை. பிறகு தன் பையைக் கவிழ்த்து, பழந்துணியில் சுற்றின ஒரு கல்லை எடுத்தார். ஒரு கைப்பிடி இருக்கும். அதே அடுக்கிலிருந்து எடுத்த கல்லாம். கண்ணாடி போலச் சீவிப் பார்ப்பதற்காக ஒவ்வொரு இடத்திலும் ஒரு துண்டு தனியே வைத்துக்கொள்வது வழக்கமாம். அதைச் சுத்தியலால் இரண்டாக உடைத்தார். ஒரு பாதியைத் திரும்பப் பையில் போட்டார். மறு பாதியை என் கையில் கொடுத்தார்.

அன்றைக்கு நான் கம்பெனி முறைப்படி வேலை செய்தேன். உரலையும் இடிகட்டையையும் மூன்று தரம் தேய்த்துக் கழுவி, துடைத்து, வெயிலில் வைத்தேன். சல்லடையின் பழைய துணியைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதுத்துணி கட்டினேன். சட்டியில் வேறு எதுவும் படாமல் உப்புச் சல்லடை மாதிரி பார்த்துக்கொண்டேன். இடித்தேன், சலித்தேன். அலசுகிற நேரம் வந்ததும் எழுந்து தள்ளி நின்றேன்.

"எங்க போறீங்க? நீங்கதான் அலசணும்" என்றார் டீச்சரம்மா.

"வேண்டாம்மா. கை நடுங்குது."

"நடுங்கட்டும். ஆட்டத்தானே போறீங்க."

மிதந்ததையெல்லாம் போகவிட்டேன். அடியில் இருப்பதை மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சட்டியின் நடுவில் ஒரு கடுகளவு கறுப்பு நின்றது. அவர் அதைக் காகிதத்தில் ஏற்றிக் கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். கறுப்புக்கு நடுவே இரண்டு மூன்று தேன் நிறத்தில் மின்னின. முனையெல்லாம் உருண்டிருந்தன. ஆற்றில் உருண்டு வந்ததால் அப்படியாம். மூச்சு விட்டால் பறந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எந்த மலையின் துண்டோ அது? அந்த மலை இப்போது இல்லவே இல்லை.

பங்குனி பிறந்ததும் டீச்சரம்மா புறப்பட்டுப் போனார். மறுநாள் நான் மதினி வீட்டுக்குப் போனேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சல்லடைச் சங்கதியைச் சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் உரிப்பதை நிறுத்தினாள். மடங்காத இரண்டு விரலையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"நான் வேகமாச் சலிச்சதுதான்னு இத்தன நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன் மதினி. எங்க வீட்டுக்காரரு சாகுற வரைக்கும் என்னத்தான் ஏசுனாரு, நெதானம் கெட்டவன்னு."

மூன்று நாள் என் முகத்தில் முழிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த மூன்று நாள் நான் சாப்பிட்ட சாப்பாடு எனக்குத்தான் தெரியும். நாலாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. நான் முழங்காலை இழுத்துக்கொண்டு கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். வரிசையில் அவள் குடத்துக்குப் பின்னால் என் குடம் இருந்தது. விடியுமுன்னே என் வாசலிலிருந்து எடுத்துப் போய் வைத்திருக்கிறாள். "காலு வலிக்காரிக்கு இங்கன என்ன சோலி? போயி உக்காருங்க, நான் தூக்கிட்டு வாரேன்" என்றாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். ஆனால் சொன்னாள்.

ஒன்றரை வருஷம் கழித்து டீச்சரம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. எனக்குப் படிக்க வரவேண்டும் என்று பெரிய எழுத்தாக எழுதியிருந்தார். அந்தக் கைப்பிடிக் கல்லில் கிடைத்த மணிகளை வெளிநாட்டு மெஷினில் பார்த்தார்களாம். மணியின் நடுவயிறு வேறு வேறு வயதாம். பல பழைய மலையிலிருந்து வந்து சேர்ந்தவை, நூறு கோடி வருஷத்துக்கும் மேலே போகிறவை. ஆனால் பல மணிகளின் மேலே மெல்லிசாக ஒரு தோல் வளர்ந்திருக்கிறதாம். அந்தத் தோலின் வயது எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஐம்பத்தைந்து கோடி வருஷம் வாக்கில். நிலத்துண்டுகள் ஒன்றோடொன்று மோதி, பள்ளத்தில் கிடந்த மணல் மடிந்து வெந்து, மலையாக எழும்பின காலம் அது என்று எழுதியிருந்தார். 'கலந்தது' என்று எழுதின பொட்டலத்தையும் பெரிய கண்ணாடியில் பார்த்தாராம். அதில் அதிக தூரம் உருளாத, கூர் மழுங்காத மணிகள் இருந்தனவாம். "அவை உங்கள் முற்றத்து மணிகள். அவற்றை எண்ணாமல் விட முடிந்தது உங்களால்தான்" என்று கடைசி வரி.

மதினிக்குப் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரி. அதுல எனக்குத் தோடு பத்தி ஒண்ணும் போடலையா?" என்றாள்.

இப்போதும் அரிசி அரிக்கும்போது அடியில் நிற்கிறதை உடனே கொட்ட எனக்கு மனம் வருவதில்லை. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் கொட்டுகிறேன். எத்தனை கோடி வருஷம் ஆனாலும் உள்ளே பூட்டினது உள்ளே இருந்துகொண்டேதான் இருக்கிறது, மணிக்குள்ளும் சரி, எனக்குள்ளும் சரி. இதில் நான் எழுதியிருக்கிற வருஷக் கணக்கையும் யுரேனியம், ஈயம் என்கிற விவரத்தையும் படித்தவர்கள் யாராவது ஒரு தரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள், கோடியில் ஒன்றிரண்டை நான் விட்டிருப்பேன். சல்லடை விவரத்தை மட்டும் பார்க்க வேண்டியதில்லை, அதில் நான் எதையும் விடவில்லை.